நான்காம் அத்தியாயத்துச் சைரன்

நிக்கோபாரின் கட்சால் தீவில் எங்கள் வீட்டு வாசல் ஆணியில் எப்போதும் ஒரு பச்சை ரெக்சின் பை தொங்கும். அதற்குள் ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக், ஒரு டார்ச், தீப்பெட்டி, இரண்டு பாக்கெட் பிஸ்கட். அடியில் ஒரு பாலிதீன் உறைக்குள், உப்புத் தண்ணீரில் ஊறிக் காய்ந்து அப்பளம் போல் நொறுங்கும் சில பழைய கடுதாசிகள். பிஸ்கட்டை மாதம் ஒருமுறை மாற்றிவிட்டுப் பழையதைத் தேத்தண்ணியில் நனைத்துத் தின்போம். எங்கள் ரப்பர் தோட்டத்து லைனில், வரிசையாக ஒட்டிக் கட்டிய எல்லா வீட்டிலும் இப்படி ஒரு பை உண்டு. கல்யாணமாகி வந்த புதிதில், யாரோ ஊருக்குக் கிளம்புகிறார்கள் என்று நினைத்து, "எந்தக் கப்பல்ல போறீங்க?" என்று கேட்டுவிட்டேன். அத்தை, அதாவது என் கணவரின் அம்மா, சிரிக்கவில்லை. "கப்பலுக்கு இல்ல புள்ள, மேட்டுக்கு" என்றார்.

நான் இங்கே வந்தது சுனாமிக்குப் பிறகு. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் என் குழப்பம் யாருக்கும் புரியாது. நான் பிறந்து வளர்ந்தது வடக்கே, தெற்கு அந்தமானின் பெரார்கஞ்சில். எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் கடல் தெரியாது, வயலும் பாக்குத் தோப்பும்தான். அந்தக் காலையில் தரை ஆடியது, பரணிலிருந்து இரண்டு பாத்திரம் விழுந்தது, அதில் ஒன்று நெளிந்தது. என் அனுபவம் அவ்வளவுதான். பிறகு கட்சாலிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர்களுக்கு எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கேம்ப் போட்டார்கள். சோறு பரிமாறப் போனேன். தட்டோடு வரிசையில் நின்ற ஒருவரை அடுத்த வருஷம் கட்டிக்கொண்டேன். அவர் தன் அம்மாவோடு கட்சாலுக்கே திரும்பினார், நானும் கூடவே வந்தேன்.

லைனில் நாலு பேர் கூடினால் பேச்சு எப்படியாவது அந்த நாளுக்குப் போய்விடும். யார் எந்த மரத்தில் ஏறினார்கள், யார் செருப்பு எங்கே கிடைத்தது என்று பேசுவார்கள். நான் வாயைத் திறந்தால், "உனக்குத் தெரியாது, நீ பொறவு வந்தவ" என்பார்கள். திட்டுவதில்லை, அன்பாகத்தான் சொல்வார்கள். எனக்குத்தான் சுருக்கென்று இருக்கும். மாமனாரை நான் பார்த்ததில்லை. தண்ணீரில் போய்விட்டார் என்று மட்டும் தெரியும். எப்படி என்று கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். வீட்டில் அவர் படம்கூட இல்லை.

அத்தை சிலோன் மலைநாட்டில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் கொழுந்து பறிக்கப் போனவர். பெரிய பெண்ணான பிறகு குடும்பத்தோடு கப்பலேறி, மண்டபம் கேம்ப்பில் கிடந்து, அங்கிருந்து கட்சால் ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார். முப்பது வருஷம் பால் வெட்டினார். விடிவதற்கு முன் எழுந்து மரம் மரமாகப் போன கால் அது. மூன்று வருஷத்துக்கு முன்னால் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. போர்ட் பிளேயரில் தகடு வைத்தார்கள். தகடு இருக்கிறது, நடை போய்விட்டது.

போர்ட் பிளேயரில் இருக்கும் என் நாத்தனார் அப்போதே சொன்னாள், அம்மா இனிமேல் தன்னோடு இருக்கட்டும் என்று. அத்தை முடியவே முடியாது என்று அழுதார். "சரி, அங்க தண்ணி வந்தா உங்கள யாரு தூக்குவா?" என்று நாத்தனார் கேட்டாள். கேள்வி அத்தையிடம், பார்வை என்னிடம். எனக்குக் கோபம் வந்தால் நாக்கு நிற்காது. "நான் தூக்குறேன். என் உசுரு இருக்குற வரைக்கும் இவங்கள விட்டுட்டுப் போக மாட்டேன்" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் பத்துப் பேர் கேட்கச் சொன்னேன். சினிமா வசனம் மாதிரி இருந்தது என்று என் கணவர் பிற்பாடு கேலி செய்தார்.

ஆனால் நான் சும்மா சொல்லவில்லை. ரோடு போட வந்த காண்டிராக்டர் விட்டுப்போன ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, துருவைத் தேய்த்து, உள்ளே பழைய மெத்தையை மடித்துப் போட்டு வாசலிலேயே நிறுத்தினேன். இரண்டு முறை ஒத்திகையும் பார்த்தோம். அத்தையைத் தூக்கி உட்கார வைத்து, லைனுக்குப் பின்னாலிருக்கும் ரப்பர் மேட்டில் ஏழாவது வரிசை மரம் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனேன். அதற்கு மேல் மூச்சு வாங்கியது. "என்னா புள்ள, என்னை சிமெண்டுன்னு நெனச்சிக்கிட்டியா?" என்று அத்தை வழியெல்லாம் சிரித்தார். லைனே வாசலில் நின்று பார்த்தது.

போன மழைக்காலத்தில்தான் அந்தப் புத்தகம் வந்தது. இங்கே நெட்டை நம்பி எதையும் செய்ய முடியாது. அதனால் கப்பலில் யார் போர்ட் பிளேயர் போனாலும் மெமரி கார்டைக் கொடுத்தனுப்புவோம், அவர்கள் சினிமா, சீரியல், சாமி பாட்டு என்று நிரப்பிக்கொண்டு வருவார்கள். கல்லூரியில் படிக்கும் என் மகள் நாத்தனார் வீட்டில்தான் தங்கியிருக்கிறாள். அவளுடைய ஆச்சிக்குப் பொழுதே போகவில்லை என்று நான் புலம்பியிருந்தேன். அவள் இந்த முறை கார்டில் ஒரு புத்தகத்தையே போட்டு அனுப்பிவிட்டாள். யாரோ ஒரு அம்மா உட்கார்ந்து முழுப் புத்தகத்தையும் வாசிக்கிறார். எங்கோ குளிர் தேசத்தில், சண்டைக்கு நடுவில் பட்டினியிலும் பனியிலும் உயிர் பிழைத்த ஒரு பெண்ணின் வாழ்க்கை வரலாறு. நடுநடுவே குதிரைக் குளம்பு, ரயில், மணி என்று சத்தங்களும் சேர்த்திருந்தார்கள்.

எங்களிடம் இருந்தது கார்டு சொருகும் சின்ன ஸ்பீக்கர். அத்தையின் கட்டில் ஜன்னலோரம், ஸ்பீக்கர் ஜன்னல் திட்டில். சாப்பாடு ஆனதும் போட்டுவிட்டு நான் என் வேலையைப் பார்ப்பேன். முதல் நாள் முதல் அத்தியாயம் நன்றாகத்தான் போயிற்று. அப்பா குதிரை வண்டி ஓட்டுகிறார், அம்மா சலவை செய்கிறாள், பெண்ணுக்கு ஒரு தம்பி. மறுநாள் போட்டால், "அத்தியாயம் பத்து" என்றது அந்தக் குரல். அப்பாவைக் காணோம், அம்மாவைக் காணோம். அந்தப் பெண் பனியில் யாருடையதோ ஒரு கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருக்கிறாள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

மகளுக்கு போன் கிடைத்தபோது கேட்டேன். "அந்த ஸ்பீக்கர் ஒண்ணுக்கு அப்புறம் பத்து, பதினொண்ணுன்னு போய் பத்தொன்பது வரைக்கும் பாடிட்டுத்தாம்மா ரெண்டுக்கு வரும். ஒவ்வொண்ணு பேருலயும் நம்பருக்கு முன்னாடி சைபர் போட்டிருக்கணும், மறந்துட்டேன். போன்ல போட்டு வரிசையாக் கேளுங்க" என்றாள். மொத்தம் இருபத்துநாலு அத்தியாயம். ஒன்று முடிந்ததும் பத்திலிருந்து பத்தொன்பது, அப்புறம் இரண்டு, பிறகு இருபதிலிருந்து இருபத்துநாலு, கடைசியில்தான் மூன்றிலிருந்து ஒன்பது. நான் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு, எது முன்னே எது பின்னே என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். அத்தைக்கு ஒரு கஷ்டமும் இல்லை. "அப்பிடியே விடு. நமக்கு என்னா எல்லாம் வரிசையாவா நெனப்பு வருது?" என்று சொல்லிவிட்டார்.

எனக்குக் குளிர் என்றால் என்னவென்று தெரியாது. ஸ்வெட்டர் போட்டதில்லை. அத்தைக்குத் தெரிந்திருந்தது. மலைநாட்டில் தை மாசக் காலையில் கொழுந்துமேல் வெள்ளையாகப் படிந்திருக்குமாம், விரல் மரத்துப் போகுமாம். ரொட்டிக்கு வரிசையில் நிற்கும் இடம் வந்தபோது, "மண்டபத்துல எங்களுக்கும் இப்பிடித்தான்" என்றார். அந்த வெள்ளைக்காரப் பெண்ணின் கதைக்குள் அத்தை சுலபமாகப் போய் உட்கார்ந்துகொண்டார். நான்தான் இங்கேயும் பொறவு வந்தவளாக வெளியே நின்றேன்.

ஒரே ஒரு நாள் மட்டும் அத்தை கோபப்பட்டார். பதினாறாவது அத்தியாயம். அக்காவும் தம்பியும் ஊரை விட்டு ஜனக்கூட்டத்தோடு நடக்கிறார்கள். அக்காவின் பூட்ஸை, அத்தை பாஷையில் சப்பாத்தை, பாலத்துக்கு அடியில் விட்டுவிட்டு வந்தது தம்பிக்கு ஞாபகம் வருகிறது. எடுத்துக்கொண்டு ஓடி வருகிறேன் என்று திரும்புகிறான். "திரும்புறான் பாரு மடையன்! நிறுத்து அதை, நிறுத்து!" என்று அத்தை கத்தினார். நான் ஈரக் கையோடு ஓடி வந்து நிறுத்தினேன். அன்றைக்குச் சாயங்காலம் தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை. கதையில் வரும் பையனுக்காக இவ்வளவு கோபமா என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். மறுநாள் பதினேழிலிருந்து போட்டேன்.

இப்படியே இருபத்துநாலாவதும் கேட்டாயிற்று. அந்தப் பெண் கிழவியாகி, வேறொரு தேசத்தில், ஏப்ரன் பையில் காய்ந்த ரொட்டித் துண்டு வைத்துக்கொண்டு சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பதோடு புத்தகம் முடிகிறது. ஆக, அவள் பிழைத்துவிட்டாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். மூன்றாவது அத்தியாயமும் முடிந்தது. இதெல்லாம் தெரிந்தபிறகுதான் நான்காவது அத்தியாயம் வந்தது. இதை நான் இன்றைக்கும் எனக்கே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறேன்.

அன்று மத்தியானம் மழை பிளந்து கட்டியது. தகரக் கூரையில் விழும் சத்தத்தில் ஸ்பீக்கரில் பேசுவது ஒன்றுமே கேட்கவில்லை என்று அத்தை சொல்ல, சத்தத்தை முழுசாகக் கூட்டி வைத்துவிட்டுப் பின்பக்கம் பாத்திரம் துலக்கப் போனேன். கொஞ்ச நேரத்தில் குழாயை மூடின மாதிரி மழை நின்றுவிட்டது. எல்லா வீட்டு ஜன்னலும் திறந்தது. அப்போது சைரன் ஊதியது. மெதுவாக ஆரம்பித்து, ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. கப்பல் வந்து நிற்கும் ஜெட்டிப் பக்கம் சுனாமி ட்ரில்லுக்கு ஊதுவார்களே, அச்சு அசலாக அதேதான்.

பக்கத்து வீட்டு அக்காதான் முதலில் ஓடினார். "பானி! பானி ஆ ரஹா ஹை! பாகோ, பாகோ!" என்று கத்திக்கொண்டே தன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறினார். அதற்குப் பின்னால் ஒவ்வொரு வீடாகத் திறந்தது. தண்ணி வருதாம், தண்ணி வருதாம் என்று தமிழிலும் ஹிந்தியிலும் ஒரே கூச்சல். நான் பாத்திரத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் நுழைந்தேன். வாசலுக்குப் போக அத்தையின் கட்டிலைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டினேன். ஆணியிலிருந்து பையை எடுத்தேன். "ஓடு" என்று ஒரு குரல் கேட்டது. தெளிவாக, தமிழில், ஒரே ஒரு சொல். ஓடினேன். வாசலில் நின்ற தள்ளுவண்டியின் கைப்பிடி முழங்காலில் இடித்தது. அதையும் தாண்டி ஓடினேன்.

வழியெல்லாம் சேறு. ரப்பர் மேட்டில் மரவரிசைகளை எண்ணிக்கொண்டே ஏறியிருக்கிறேன் போலிருக்கிறது, ஏழாவது வரிசை வந்ததும் கால் தானாக நின்றது. கையைப் பார்த்தேன். பை இருந்தது. பையை எடுக்கத் தெரிந்த எனக்கு அத்தையை எடுக்கத் தோன்றவில்லை. திரும்பி இறங்க ஆரம்பித்தேன். ஏறி வருகிறவர்கள் எல்லாரும் என்னைத் திட்டினார்கள். "அரே, நீச்சே மத் ஜாவோ! கீழ போகாத, பைத்தியமா உனக்கு?" என்று ஒருவர் என் கையைப் பிடித்து இழுத்தார். உதறிவிட்டு, சறுக்கி, உட்கார்ந்தபடியே கொஞ்ச தூரம் போய், எழுந்து ஓடி வீட்டு வாசலில் வந்து நின்றேன்.

உள்ளே அந்த அம்மா நிதானமாக வாசித்துக்கொண்டிருந்தார். நிலவறையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அந்தப் பெண்ணின் அப்பா எண்ணுகிறார். சைரன் ஓய்ந்திருந்தது. அத்தை தலையணையில் சாய்ந்து என்னைப் பார்த்தார். சேறு அப்பிய என் புடவையைப் பார்த்தார், கையிலிருந்த பையைப் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஊதியது புத்தகத்துச் சைரன்தான் என்று தெரிந்ததும் லைன் முழுக்க எங்கள் வாசலில் வந்து கூடியது. பாதிப் பேருக்குச் சிரிப்பு, பாதிப் பேருக்குக் கோபம், ஒன்றிரண்டு பேர் அழுதார்கள். "உன் புஸ்தகத்தைக் கொண்டுபோய் ஜெட்டில போடு! சண்டை நடந்தது எந்த முல்க்கு, எந்த தேசத்துலயோ, ஓடினது நாங்களா?" என்று பக்கத்து வீட்டு அக்கா வாசற்படியில் உட்கார்ந்தார். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். பாதி குடித்ததும் அவருக்கு நினைவு வந்தது. "ஆனா ஒண்ணு. எல்லாரும் மேல ஓடும்போது இவ மட்டும் அத்தைக்காகக் கீழ வந்தா பாரு. மருமகள்னா இவதான்" என்றார். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றாயிருக்கும்.

என் கணவர் பவர் ஹவுஸில் வேலை பார்க்கிறார். டூட்டி முடிந்து வருவதற்குள் கதை அவரை எட்டிவிட்டது. முகமெல்லாம் பெருமையோடு வந்தார். "அம்மா, உங்க மருமக இன்னைக்கு ஹீரோயினாமே?" என்று கேட்டார். சோறு ஊட்டி முடித்து நான் வாயைத் துடைத்துவிட்ட பிறகு, "தம்பி, எனக்குப் போர்ட் பிளேயருக்கு டிக்கெட் எடு. ஒன் அக்கா வூட்டுக்குப் போறேன்" என்றார். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்ன ஆச்சு, ஏன் என்று எவ்வளவோ கேட்டார். "போறேன்னா போறேன்தான். அடுத்த கப்பலு எப்ப?" என்பதோடு அத்தை முடித்துக்கொண்டார்.

எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். ஊர் பார்த்தது நான் திரும்பி வந்ததை, அத்தை பார்த்தது நான் விட்டுவிட்டு ஓடியதை. கட்டிலைத் தாண்டிப் போனவளை நம்பி எப்படி இங்கே இருப்பார்? போகக் கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பதினெட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். என் பிரசவத்துக்கு என் அம்மா வர முடியாதபடி கப்பல் நின்றுபோனபோது எனக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவர் அவர். அவர் போனால் இந்த வீட்டில் எனக்குப் பேச்சுத் துணை யாரும் கிடையாது. இது என்னால் வந்தது என்பதுதான் தாங்க முடியவில்லை.

கப்பலுக்குத் தேதி சொல்லவில்லை. கடல் சரியில்லை என்று இரண்டு முறை தள்ளிப்போட்டார்கள். அந்த நாட்களில் எனக்கு ஒரே யோசனைதான். ஓடு என்று சொன்னது யார்? புத்தகத்தில் யாராவது அந்தச் சொல்லைச் சொல்லி, அது என் காதில் விழுந்து நான் ஓடியிருந்தால், தப்பு பாதியாவது குறையும் என்று ஒரு நப்பாசை. ஒரு காலையில் கார்டைக் கழற்றி போனில் போட்டு, துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து இயர்போன் வைத்து நான்காவது அத்தியாயத்தை மட்டும் கேட்டேன். சைரன் வந்தது. அது கதை என்று தெரிந்தும் எனக்கு உள்ளங்கை வியர்த்தது. மரப்படியில் காலடிச் சத்தம். அப்பா "எழுந்திருங்கள்" என்கிறார். அம்மா "கம்பளி, கம்பளி" என்கிறாள். நிலவறைக் கதவு. ஓடு என்று ஒருவரும் சொல்லவில்லை. மூன்று முறை கேட்டேன். துணி அப்படியே கிடந்தது.

அப்படியானால் சொன்னது அத்தையா? இல்லை, எனக்கு நானே சொல்லிக்கொண்டேனா? பார்க்காத தண்ணீருக்குப் பயந்து நான் எதற்காக ஓடினேன்? எல்லாவற்றையும் பார்த்தவர் எப்படி அசையாமல் படுத்துக் கதை கேட்டுக்கொண்டிருந்தார்? காலண்டரின் பின்பக்கத்தில் வரிசை எழுதிப் பார்க்கிற மாதிரி இதை எழுதிப் பார்க்க முடியவில்லை.

கப்பல் நாளை மறுநாள் என்று உறுதியான அன்று, வெந்நீரில் துணி நனைத்து அத்தைக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தேன். முதுகுப் பக்கம் இருந்ததால் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அந்தத் தைரியத்தில் கேட்டுவிட்டேன்.

"அத்தே, அன்னைக்கு ஓடுன்னு சொன்னது நீங்கதானா?"

"யாரு சொன்னா என்னா? சொன்னதைக் கேட்டியா? பாதிதானே கேட்ட."

"பாதியா?"

"ஓடுனா மேல நிக்கணும். நீ ஏன் எறங்கி வந்த?"

துணியைப் பிழிந்துகொண்டே நின்றேன். உங்களை விட்டுவிட்டுப் போனேனே, அதற்குத்தானே கோபம் என்று திக்கித் திணறிக் கேட்டேன். அத்தை கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார். பால் வெட்டின கை, இன்னும் பிடி இரும்புதான்.

"இந்தா பாரு புள்ள. அன்னைக்கு நானும் ஒங்க மாமாவும் மேலதான் நின்னோம். மொதத் தண்ணி வந்து போயிருச்சு. கடலு உள்ள வாங்கிக் கெடக்கு, மீனு தரையில துள்ளுது. அப்பதான் அவருக்கு அந்தக் கடுதாசி நெனப்பு வந்துச்சு. சிலோன்லேர்ந்து கொண்டாந்தது, பெட்டியில இருந்துச்சு. அது போயிருச்சுன்னா நாம எந்த ஊரு ஆளுன்னு எவன்கிட்ட போயி நிரூபிக்கிறதுன்னாரு. ஒருக்கா அங்க அனாதையா நின்னாச்சு, இன்னொருக்கா முடியாதுன்னாரு. வேணாம்னு காலப் புடிச்சேன். எறங்கிப் போனாரு. பெட்டியத் தலையில வச்சிக்கிட்டு திரும்புறத நான் மேலேர்ந்து பாத்துக்கிட்டுதான் நின்னேன். ரெண்டாவது தண்ணி வந்துச்சு."

வெளியே யாரோ தேங்காய் உரிக்கும் சத்தம் கேட்டது. அத்தை என் கையை விடவில்லை.

"பெட்டி கெடச்சுது. மூணு நா கழிச்சி, தாழம்புதருல."

ஆணியில் தொங்கும் பையைப் பார்த்தேன். எத்தனை முறை அந்தக் கடுதாசிகளை நகர்த்தி வைத்துவிட்டுப் பிஸ்கட்டை மாற்றியிருக்கிறேன். எதற்காக அது எப்போதும் வாசலில் தொங்க வேண்டும் என்று ஒரு நாள்கூட நான் கேட்டதில்லை. எடுத்துக்கொண்டு ஓட மட்டும் இல்லை, எடுப்பதற்காக யாரும் திரும்பி வரக் கூடாது என்பதற்காக.

"நீ பையை எடுத்த. வண்டியத் தொடல. சரி, புத்தி இருக்குன்னு நெஞ்சு குளுந்துச்சு. செத்த நேரத்துல பாத்தா வாசல்ல வந்து நிக்கிற" என்றார்.

"அத்தே, அது கதைன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"எனக்குத் தெரியும். எறங்கி வரும்போது ஒனக்குத் தெரிஞ்சுதா?"

ஏறும்போது தெரிந்ததா, இறங்கும்போது தெரிந்ததா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. அத்தை என் கையை விட்டுவிட்டுச் சேலையைச் சரி செய்துகொண்டார். "தூக்குறேன்னு வீறாப்பா சொன்ன, சரி, வாயிப் பேச்சுன்னு நெனச்சேன். அதான் இங்க இருந்தேன். நீ நெசமாவே திரும்புறவளா இருக்க. திரும்புறவகூட என்னால இருக்க முடியாது" என்றார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வேண்டாம் அத்தே, போகாதீர்கள், இனிமேல் திரும்ப மாட்டேன் என்று கெஞ்சினேன். "பொய் சொல்ற" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி கேட்டார்.

கப்பலேறும் நாளில் பையைக் கொண்டுவரச் சொல்லி, பாலிதீன் உறையை மட்டும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "இது என்கூட வரட்டும்." ஜெட்டியில் நாற்காலியோடு நாலு பேர் தூக்கிக் கப்பலேற்றினார்கள், என் கணவரும் கூடப் போனார். ஸ்பீக்கரையும் கார்டையும் கொடுத்தேன். பேத்தியிடம் சொல்லி வரிசையாக மாற்றிக்கொள்ளுங்கள் என்றேன். வேண்டாம், பழகிவிட்டது என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து கட்டில் மெத்தையை வெயிலில் போட்டேன். தள்ளுவண்டியில் இப்போது விறகு கிடக்கிறது.

இரண்டு மாதம் கழித்து ட்ரில் நடந்தது. முதல் நாளே சொல்லிவிட்டார்கள், பத்து மணிக்கு ஊதும் என்று. ஊதியதும் பையை எடுத்துக்கொண்டு எல்லாரோடும் பேசிச் சிரித்தபடி மேட்டில் ஏறினேன். ஏழாவது வரிசை வந்தது. கால் நின்றது. வீட்டில் யாரும் இல்லை. என் கணவர் டூட்டியில், மகள் காலேஜில், அத்தை போர்ட் பிளேயரில். பை என் கையில். இது ட்ரில். எல்லாம் எனக்குத் தெரியும், ஒன்றுவிடாமல் தெரியும். பக்கத்து வீட்டு அக்கா மேலேயிருந்து "எங்க போற?" என்று கூப்பிட்டது கேட்டது. நான் இறங்கிக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் போய், காலிக் கட்டிலைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி ஏறினேன்.

சாயங்காலம் அத்தையின் போன் வந்தது. பின்னால் அந்த வாசிக்கும் அம்மாவின் குரல் ஓடிக்கொண்டிருந்தது. புத்தகத்தை முதலிலிருந்து இரண்டாம் முறை கேட்கிறாராம். சாப்பாடு, மழை, முழங்கால் என்று பேசிவிட்டுக் கேட்டார்.

"ட்ரில்லு வச்சாங்களாமே. எறங்குனியா?"

"இல்ல அத்தே. மேலயே நின்னேன்."

அந்தப் பக்கம் புத்தகம் மட்டும் ஓடியது. பாலம் வந்தது, சப்பாத்து வந்தது, தம்பி திரும்பினான். நிறுத்தச் சொல்லி அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. "ம்" என்று மட்டும் சொன்னார். இரண்டு பேருமாக அந்த அத்தியாயத்தைக் கடைசி வரைக்கும் கேட்டோம்.